ஹெட்விக் அம்மாளின் விளக்கைத் தேடிப் புதுப்பட்டினம் வரை

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்குப் போகக் கூடாது என்பது சென்னையில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் பிறந்து, கல்யாணமாகி ஜெர்மனிக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லப்போகிறார்கள்? பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நின்றேன். இன்னொரு கால் யாருடைய தூக்குச்சட்டியின் மேலோ இருந்தது. "யம்மா, சோத்து மேல நின்னுகினு கீற, கால எடு" என்று இடுப்புக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. எடுக்கலாம், எடுத்து எங்கே வைப்பது என்று கேட்டேன். பஸ்ஸே சிரித்தது.

ஊருக்கு வெகு முன்னாலேயே போலீஸ்காரர்கள் பஸ்ஸை மடக்கி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நடை. எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கேஸ் அடுப்பையே தூக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த குடும்பத்தில் நாய்க்கும் புதுச்சட்டை. ஜெர்மனியில் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை விரித்து, பக்கத்துத் துண்டுக்காரரைப் பார்த்துவிடாமல் படுத்துக்கொள்வார்கள். இங்கே அரைமணி நேரத்தில் மூன்று வீட்டுப் பொங்கலும் கரும்பும் என் கைக்கு வந்துவிட்டன. லாட்ஜுக்காரர் சாவியைக் கொடுத்தபடி, "இன்னிக்குப் பாத்து வந்துகீறியேம்மா, நாளிக்கி வந்திருந்தா ஊரே உன்னுது" என்றார்.

நான் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரவில்லை. ஒரு மேசை விளக்கைப் பார்க்க வந்தேன். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார்கள். லாட்ஜுக்காரரும் பார்த்தார்.

நான் வேலை செய்வது பழைய விளக்குகள் விற்கும் கடையில். வயர் மாற்றுவேன், துரு எடுப்பேன், மூட்டுகளைக் கழற்றி மாட்டுவேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் செய்த மேசை விளக்குகளைச் சேர்க்கும் ஆசாமிகள் அங்கே நிறைய. அதற்கு முந்தைய காலத்து விளக்கு என்றால் கண்ணாடிப் பாவாடை கட்டியிருக்கும், மணிச்சரம் தொங்கும், இல்லாவிட்டால் பித்தளைப் பெண்ணொருத்தி பல்பைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு நிற்பாள். வெளிச்சம் பாதி அவள் மேலேயே விழும். அப்புறம் கலைப்பள்ளிகளில் படித்த இளவட்டங்கள் கிளம்பினார்கள். விளக்கு காகிதத்தின் மேல் வெளிச்சம் போட வேண்டும், கண்ணில் போடக் கூடாது, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். அரைக்கோளமாக ஒரு தகட்டு மூடி, ஒரு குழாய், வட்டமாக ஓர் அடித்தட்டு, ஒரு விரலால் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும் மூட்டு. அவ்வளவுதான் விளக்கு. தொழிற்சாலைகள் அதை ஆயிரக்கணக்கில் செய்து ஆபீஸ்களுக்கு அனுப்பின. ஆபீஸ்கள் பின்னாளில் குப்பையில் போட்டன. இப்போது அவை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

சேர்க்கிறவர்கள் முதலில் கேட்பது வடிவமைத்தவரின் பெயரை. பெயர் இருந்தால் அது கலைப்பொருள், இல்லாவிட்டால் பழைய இரும்பு. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. நானும் வருடக்கணக்கில் அந்தப் பெயர்களைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தொண்ணூறை நெருங்கும் ஒரு கிழவி பல்பு வாங்க வந்தார். ஹெட்விக் என்று பெயர். ஜன்னலில் இருந்த விளக்கையும் அதில் தொங்கிய பெயர்ச்சீட்டையும் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். "இந்த மூட்டு அவருடையது, சரி. மற்றதெல்லாம் நான்" என்றார். அப்படி ஒரு கலைப்பள்ளியின் உலோகப் பட்டறையில் படித்த பெண். பெண்களெல்லாம் நெசவுப் பிரிவுக்குப் போங்கள் என்று விரட்டியும் போகாமல் ஒட்டிக்கொண்டவர். பொத்தானை மேலே வைக்காமல் அடித்தட்டின் விளிம்பில் வைத்தது அவர் யோசனை. பேனாவைக் கீழே வைக்காமலே சுண்டுவிரலால் விளக்கை அணைத்துவிடலாம். பட்டறை மாஸ்டர் அந்த வடிவத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார், விளக்கு மாஸ்டரின் பெயரில் ஊரெல்லாம் போனது. தொழிற்சாலைக்குப் போவதற்கு முன் கையால் செய்து பார்த்த சில விளக்குகளின் அடியில் மட்டும் ஹெட்விக் யாருக்கும் தெரியாமல் தன் அடையாளத்தைக் கீறி வைத்திருந்தார். எச் என்ற எழுத்து, அதன் நடுக்கோட்டுக்கு மேல் ஒரு பிறை.

அந்த விளக்குகள் போரில் குண்டு விழுந்து போயின. ஒன்று மட்டும் தப்பியது. அவருடைய சிநேகிதி ஒரு டாக்டர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தபோது அதைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார். டாக்டர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் மேசை விளக்குகளை வைத்து ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. ஹெட்விக் அம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அங்கே போனார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அடையாளம் உள்ள விளக்கு வேண்டும், குறைந்தது அதன் தெளிவான படமாவது வேண்டும், இருந்தால் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்றார்கள். சும்மா ஒருவர் வந்து சொல்வதை வைத்து எப்படி மாற்றுவது என்று அவர்கள் கேட்டதில் தப்பில்லை. திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து, குளிரில் மூக்கைத் துடைத்தபடி, "சாவதற்கு முன் என் பெயரை ஒரு தரம் அதன் பக்கத்தில் பார்க்க வேண்டும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் அன்று நினைத்தேன். இந்தியா சுற்றிவிட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் போட்டோக்களைக் காட்டினார். ஒன்றில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து மோவாயெல்லாம் சாம்பாராக இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், அந்த விளக்கு. அடித்தட்டின் விளிம்பில் பொத்தான். எந்த ஊர் என்று கேட்டேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ், ரசத்தை மிச்சம் வைத்ததற்கு அந்த அம்மா திட்டினார் என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. டாக்டர் வேலை செய்த அதே செங்கல்பட்டுப் பக்கம்தான்.

மறுநாள் ஊர் காலியாகிவிட்டது. கரும்புச் சக்கையும் காகிதத் தட்டுகளும் கிடக்க, சிற்பப் பட்டறைகளில் உளி மறுபடி ஆரம்பித்திருந்தது. கல்பாக்கம் பஸ் பாதி வழியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். வண்டிக்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ரிப்பேர் என்றால் முதலில் டயரைத்தான் உதைக்கிறார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் நின்றிருந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் ரசம் மிச்சம் வைத்தால் திட்டும் மெஸ் எது என்று கேட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர், அணு நிலையத்தில் வேலை. யோசிக்கவே இல்லை.

"அது புதுப்பட்டினத்துல சரோஜாக்கா மெஸ்ஸால்லா இருக்கும். நேத்து என்னையும் ஏசிச்சு. வாங்க, நானே கொண்டு விடுதேன்."

சரோஜாக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. மெஸ்ஸின் இருட்டு மூலையில் கல்லா. அதற்குப் பக்கத்தில் விளக்கு. கழுத்தில் வாடிய மல்லிகைச் சரம், மூடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப்பொட்டு. பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த ஒருவர் கைகழுவப் போக, சரோஜாக்கா கை நிறையச் சில்லறையை வைத்துக்கொண்டே சுண்டுவிரலால் பொத்தானை அமுக்கி அணைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி ஒருநாள் கை நிறைய எதையோ வைத்துக்கொண்டு அணைப்பாள் என்று நினைத்துத்தானே ஹெட்விக் அம்மாள் பொத்தானை அங்கே வைத்தார்.

"இன்னாம்மா, காரமா?" என்றார் சரோஜாக்கா.

"இல்லைங்க அக்கா, குழம்பு அருமைங்க."

"இன்னா பாஷ இது, எதுக்கெடுத்தாலும் ங்க போட்டுகினு" என்று சிரித்து, கேட்காமலே இன்னொரு கரண்டி காரக்குழம்பு ஊற்றினார். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. பக்கத்தில் பொரித்த நெத்திலி. நான் ரசத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

கூட்டம் குறைந்ததும் பேச்சு வளர்ந்தது. அவருடைய அப்பா அந்த டாக்டரின் கார் டிரைவர். டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது, "உன் பொண்ணு படிக்கட்டும்" என்று விளக்கைக் கொடுத்தாராம். "நான் படிச்சிதான் கிழிச்சேன்" என்றார் சரோஜாக்கா. "பத்தாவது பெயிலு. ஆனா இது இல்லாம எனக்குக் கணக்கு ஓடாது. குவார்ட்டர்ஸ்ல கீற சாரு ஒருத்தர் வெலைக்குக் கேட்டாரு. வூட்டு சாமான ஆராச்சும் விப்பாங்களா?"

விலைக்கு வேண்டாம் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. பின்கட்டைக் காட்டக் கூட்டிப்போனார். கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பதும் பாத்திரம் வாடகைக்கு விடுவதும் அவருக்கு இன்னொரு தொழில். அண்டாக்கள், குண்டான்கள், கரண்டிகள் எல்லாம் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக அவர் பெயர். ஒரு அண்டா போன கதையைச் சொன்னார். பழைய பாத்திரமாக வாங்கியது. முன்னே வைத்திருந்தவர் பெயரை அழிக்காமல் திருப்போரூரில் ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பெயர்க்காரரின் சொந்தக்காரர்கள் பந்தியில் இருந்தார்கள். மண்டபத்திலேயே பஞ்சாயத்து நடந்து, பெயர் யாருடையதோ அண்டாவும் அவருடையது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். "காசு குட்த்து வாங்கினேன்னு கத்தறேன், ஒருத்தன் கேக்கல. பேரு கீதேன்றான்." அதிலிருந்து எந்தப் பழைய பாத்திரம் வந்தாலும் முதல் வேலையாகச் செங்கல்பட்டுக்கு அனுப்பி, பழைய பெயரை அரம் போட்டு வழித்துத் தன் பெயரை வெட்டி வாங்கிவிடுவாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த பாத்திரங்களிலும் என் பெயர் இப்படித்தான் வெட்டியிருக்கிறது.

பிறகு விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த துணி எப்போதோ போய்விட்டது. நிக்கல் மங்கிய தகட்டில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு மெல்லிய கீறல். எச். அதன் மேல் பிறை. ஓர் ஆளைத் தொட்ட மாதிரி இருந்தது.

படம் எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. விளக்குக்குப் பிளக் கிடையாது. வயரைச் சுவரிலிருந்து நேராக இழுத்து டேப் சுற்றியிருந்தார்கள். கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறேன், எனக்கு இதுதான் தொழில் என்று சொல்லிப் பார்த்தேன். "மெஸ்ஸு ஓடற நேரத்துல வயருல ஆரும் கைய வெக்கக் கூடாது" என்றுவிட்டார் சரோஜாக்கா. அந்த இருட்டு மூலையிலேயே பிளாஷ் போட்டு எடுத்தேன். பில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது.

என்னத்தை இவ்வளவு பார்க்கிறாய் என்று கேட்டார். எங்கள் தொழிலில், விலை ஏறிவிடும் என்று, இதற்கு மழுப்பலாகத்தான் பதில் சொல்வார்கள். எனக்கு மழுப்ப மனசு வரவில்லை. இந்த விளக்கைச் செய்த அம்மா உயிரோடு இருக்கிறார், நான் அவருக்காகத்தான் வந்தேன், அடியில் இருப்பது அவருடைய பெயர் என்று உள்ளதைச் சொன்னேன்.

சரோஜாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதுவா? ஆரோ ஆணியால கீறின மாரி கீது."

"அதுதானுங்க அவங்க பேரு."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே திருக்கழுக்குன்றத்துக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் பிலிமைக் கொடுத்தேன். மறுநாள் காலை படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் தட்டு, தட்டின் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளை வட்டம். "தகடு மேல நேரா பிளாஷ் அட்ச்சா இப்டித்தாம்மா ஆவும்" என்றார் ஸ்டுடியோக்காரர். "பொருள எட்த்துகினு வா, சைடுல லைட்டு வெச்சிப் புடிச்சித் தரேன்."

மறுபடி புதுப்பட்டினம். ஒரே ஒரு நாளைக்கு விளக்கை இரவல் தரும்படி சரோஜாக்காவைக் கேட்டேன். அவர் இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், கையைத் துடைத்தார்.

"அந்தம்மாகிட்ட காட்டவா?"

"போட்டோவை மட்டும் காட்டுவேனுங்க. விளக்கை அன்னிக்கே கொண்டாந்து குடுத்துருவேன்."

"கல்யாண ஆர்டர் ஒண்ணு கீது. அத்த முடிச்சிகிறேன். ரெண்டு நாள் கழிச்சி வா, வயரு கழட்டி வெக்கிறேன், எட்த்துகினு போ."

எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை.

இரண்டு நாள் சும்மா இருக்க முடியாமல் செங்கல்பட்டு வழியாக வேடந்தாங்கலுக்குப் போனேன். ஜனவரியில் ஏரி நிறையப் பறவைகள். மரங்கள் தண்ணீருக்குள் நிற்க, நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் ஒரே கிளைக்கு அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒருவர் பெண்டாட்டியிடம், "எத்தினி நாடு தாண்டி வருதுன்னு பாரு, நீ எங்கம்மா வூட்டுக்கு வர்றதுக்கே அலுத்துக்கிறியே" என்று சொல்ல, அந்த அம்மா, "அதுங்களுக்கு மாமியாருங்க இல்ல" என்றார். நான் பைனாகுலருக்குள்ளேயே சிரித்தேன். வரப்பில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். ஹெட்விக் அம்மாளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அன்றைக்கு இருந்த அத்தனை நிம்மதி எனக்கு அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் வாய்க்கவில்லை. போகும்போதும் வரும்போதும் என் பஸ் செங்கல்பட்டுப் பாத்திரக்கடை வீதி முனையில் நின்றுதான் போனது. இறங்கி ஒரு டீ குடித்திருந்தால்கூட என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

சொன்ன நாளில் போனபோது விளக்கு கல்லாவில் இல்லை. நடு மேசையில், துவைத்த துண்டின் மேல், பளபளவென்று இருந்தது. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். சந்தனப்பொட்டு போய்ப் புதுசாகக் குங்குமம். சரோஜாக்கா கல்யாணத்துக்கு அனுப்புவது போல அதைச் சிங்காரித்து வைத்திருந்தார்.

"திருப்பிப் பாரு" என்றார்.

திருப்பினேன். அடித்தட்டில் புள்ளி புள்ளியாக, வட்டத்துக்கு ஏற்ற மாதிரி வளைத்து, அழகான கையெழுத்தில் வெட்டியிருந்தது: சரோஜா மெஸ், புதுப்பட்டினம். அதைச் சுற்றித் தகடு வழுவழுவென்று புதிதாக மின்னியது. விரலால் தடவினேன். நகத்தால் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கல்யாணத்து குண்டானுங்களோட இத்தியும் சேத்து செங்கல்பட்டுக்கு அனுப்ச்சேன். அரம் போட்டு சுத்தமா வழிச்சிட்டுதான் வெட்டிகீறான். எப்டி கீது?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஏன் இப்டி ஆயிட்ட?" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஏனுங்க அக்கா அதை அழிச்சீங்க? அது அவங்க பேருன்னு சொன்னேனுங்களே."

"அதுக்குதாம்மா அழிச்சேன்." அவர் குரலில் ஒளிவுமறைவு இல்லை. "நீ சொன்னதுலேந்து எனக்குத் தூக்கமில்ல. அந்தம்மா உயிரோட கீது, அவங்க பேரு அடில கீது, அவங்க அனுப்ச்சி நீ வந்துகீற, எட்த்துகினு போறேன்ற. நாளிக்கி அவங்க என்னுதுன்னு சொன்னா நான் இன்னா பண்ணுவேன்? எங்கப்பனுக்கு டாக்டரம்மா குட்த்ததுக்கு இன்னா சாட்சி கீது? ஒரு அண்டாதான் போச்சி. இதுவும் போவணுமா?"

அது விளக்கின் சொந்தக்காரர் பெயர் இல்லை, செய்தவர் பெயர் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

"செஞ்சவங்க பேர ஆரும்மா போடுவாங்க? இந்த அண்டாவ அடிச்சவன் பேரு உனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? வாங்கினவன் பேரு போடுவான், குட்த்தவன் பேரு போடுவான். செஞ்சவனுக்கு இன்னாத்துக்குப் பேரு?"

என் பாத்திரங்களை அடித்தது யார் என்று நானும் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். நெசவுக்குப் போகச் சொன்னது, மாஸ்டர் பெயரில் விளக்கு போனது, கண்காட்சி, அந்தக் கீறல் ஒன்றுதான் மிச்சமிருந்த சாட்சி என்பது எல்லாம். பொத்தான் யோசனை யாருடையது என்பதையும் சொன்னேன். சாப்பிட வந்த இரண்டு பேரைச் சரோஜாக்கா கையாலேயே அப்புறம் வரச் சொல்லி அனுப்பினார். நான் முடித்ததும் விளக்கைத் தன் பக்கம் இழுத்து, பொத்தானைச் சுண்டுவிரலால் அமுக்கினார். வயர் கழற்றியிருந்ததால் அது எரியவில்லை.

"அன்னிக்கே இத்த இப்டி சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமாக இல்லை.

எழுந்து ஒரு பேனாவையும் பில் காகிதத்தையும் கொண்டுவந்து வைத்தார். "நீ கண்ணால பாத்தல்ல? வரஞ்சி குடு. எம்பேர வழிச்சிட்டு அதே எடத்துல அந்தம்மா பேர வெட்டிகினு வரச் சொல்றேன். எனக்கு இன்னா, நான் வேற எங்கனா போட்டுகிறேன்." அவர் கண் சிவந்திருந்தது. புது வெட்டு புதுசாகத்தான் தெரியும், பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அந்த அம்மாளைப் பொய்க்காரி என்பார்கள் என்று சொன்னேன். அவர் அந்த வெற்றுக் காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

விளக்கை எடுத்துப் போகச் சொல்லி அவரே வற்புறுத்தினார். இனி எடுத்துப் போய் என்ன செய்ய? வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்தேன். இந்த முறை பிசகே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக விழுந்தது. அன்று சாப்பிடாமல் கிளம்பினேன். ரசத்தைக் குடிக்காமல் போவதற்கு அவர் என்னைத் திட்டவில்லை.

ஊர் திரும்பி, ஹெட்விக் அம்மாளின் அறைக்குப் போனபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. படத்தைக் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். யார் இந்தப் பெண், அவள் எதற்கு விளக்கை வைத்திருக்கிறாள், எங்கே வைத்திருக்கிறாள் என்று வரிசையாகக் கேட்டார். கை நிறையச் சில்லறையோடு சுண்டுவிரலால் அணைப்பார் என்று சொன்னபோது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கீறல் என்ன ஆயிற்று என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"ஆனால் நீ பார்த்தாய்" என்றார்.

"பார்த்தேன். தொட்டேன்."

"வரை."

வரைந்தேன். எச், அதன் நடுக்கோட்டுக்கு மேல், வலப்பக்கம் திறந்த பிறை. அவர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, தலையாட்டி, "இல்லை, அது அந்தப் பக்கம் பார்க்கும்" என்று என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். என்னுடையதற்குக் கீழே, இடப்பக்கம் திறந்த பிறையோடு இன்னொன்று வரைந்தார். நடுங்கும் கையில் அது கோணலாக வந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பென்சில் நின்றுவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் அவர் அதை எங்கேயும் வரைந்ததில்லை.

"கடைசியாகப் பார்த்தவள் நீதானே, நீயே சொல்" என்று பென்சிலைத் திருப்பி என் கையில் கொடுத்தார். பிறை எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று எனக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.